பன்னிரண்டு வயதுக்கு ஓர் ஏரி

நாளைக் காலை ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை இரவு எட்டு மணிக்குச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுப் பெற்றோருக்குத் தெரியும். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். நீர்நிலைகள், விடுதலைப் போராட்ட வீரர்கள், சூரியக் குடும்பம் என்று தலைப்பு வாரியாக அச்சடித்த படத்தாள்கள் அங்கே தொங்கும். அம்மா கத்தரித்து ஒட்டுவார். கையெழுத்து நன்றாக இருக்கும் அக்கா தலைப்பு எழுதுவாள். பிள்ளை அதற்குள் தூங்கிப்போயிருக்கும். முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் 2012-ல் வந்தபோது செயல்திட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு என்றார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் மதிப்பெண் பிள்ளைக்கும் வேலை வீட்டாருக்கும் என்று ஆகிவிட்டது.

அந்தப் படத்தாளை வைத்துவிட்டு உண்மையான நீர்நிலை ஒன்றுக்குப் போகலாம். காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். வராகீஸ்வரர் கோயில் உள்ள ஊர். ஏரிகளுக்குப் பெயர்போன இந்த மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த ஏரியைப் படித்தால் எதையெல்லாம் படித்திருக்கும்?

மதகுக்குப் பக்கத்தில், படிக்கட்டு இறங்கும் இடத்தில், சென்டிமீட்டர் குறித்த மூங்கில் கழி ஒன்றை நட வேண்டும். பெரியவர் ஒருவர் துணையோடு தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வீட்டு மாடியில் நேர்ச்சுவர் உள்ள டப்பாவும் ஒரு ஸ்கேலும் வைத்தால் அதுவே மழைமானி. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. பெய்தால் 10 கோடி லிட்டர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தப் பெருக்கல் ஒன்றும் கஷ்டம் இல்லை. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,832 கோடி லிட்டர் என்று தெரிந்த பிறகு, செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3.645 டிஎம்சி என்ற செய்தியை அது நின்று படிக்கும்.

கணக்கும் கழியும் ஒத்துவராத நாளில்தான் பாடம் சூடுபிடிக்கும். டப்பாவில் 60 மி.மீ. மழை, கழியில் அசைவே இல்லை. இரண்டு நாள் கழித்து, வானம் வெளுத்த பிறகு, தண்ணீர் ஏறுகிறது. ஏன்? காய்ந்த மண் முதலில் குடித்திருக்கலாம். மேலே உள்ள ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்த பிறகே இங்கே தண்ணீர் வந்திருக்கலாம். வரத்துக்கால்வாய் எங்காவது தூர்ந்தோ அடைபட்டோ இருக்கலாம். மூன்றில் எது என்று எந்தப் பாடநூலும் சொல்லாது. கால்வாய் ஓரமாக நடந்து பார்க்க வேண்டும், ஆயக்கட்டு விவசாயியிடம் கேட்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் நின்றால் நவரைக்கு நாற்று விடலாம், எவ்வளவு மிஞ்சினால் சொர்ணவாரி உண்டு என்று அவர் சொல்வதையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதே மாவட்டத்தில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறை என்று எல்லாப் பாடநூலிலும் இருப்பதுதான். ஆனால் ஆறு மாதம் ஏரியை அளந்த பிள்ளைக்கு அதில் வேறொன்று கண்ணில் படும்: ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று தனியாக இருந்தது, முந்தைய பொறுப்புக்குக் கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கே அந்தக் குடம் திறந்திருந்தது என்பதும் அதே சுவரில் இருக்கிறது. ஏரியில் மண் சுமந்தவர்கள் பெயர் ஏன் ஓலையில் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், அதைவிட நல்ல சமூக அறிவியல் வகுப்பு வேறு இருக்க முடியாது.

அளந்ததை எங்கே சொல்வது? மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடுகிறது. ஆறு மாதக் கணக்கையும் கால்வாய் அடைபட்ட இடத்தையும் பிள்ளை எழுந்து நின்று படிக்கலாம். மதிப்பெண் போட ஆசிரியர் ஒருவர் அல்ல, ஊரே இருக்கும்.

நாற்பது நிமிட பீரியட்டுக்குள் இதைச் செய்ய முடியாது. வீட்டிலேயே பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பங்களின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர்களிடம் நேரம் இருக்கிறது. பின்னத்தில் தடுமாறும் பிள்ளையோடு பின்னத்திலேயே மூன்று வாரம் நிற்கலாம். தமிழ்க் கட்டுரையில் பறக்கும் பிள்ளையைப் பறக்க விடலாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு வயது இதற்குத் தோதானது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும், கேள்வி முளைக்கும், பத்தாம் வகுப்பு பயம் இன்னும் வீட்டுக்குள் வந்திருக்காது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்ற நிலைப்பாட்டை மாநில அரசும் விடவில்லை.

சட்டம் குறுக்கே நிற்குமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டுக் கல்வியைத் தேர்ந்த பெற்றோருக்கு இச்சட்டம் தடை அல்ல என்று 2012-ல் டெல்லி உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில் மத்திய அரசே பதில் மனு தந்தது. சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வெளியே இருந்த பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் வழியை மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் வைத்திருக்கிறது. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதானால் பத்தாம் வகுப்புக்குப் பதிந்துகொள்ளலாம். ஜெர்மனியில் இதையெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது. அங்கே பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும்.

மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷி ஏழாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றார். அம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாடத் திட்டம் வகுத்தார். மகளுக்கு நிரலாக்கத்தில் மனம் போனது. சர்வதேச கணினி ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார்; 2016-ல் அமெரிக்காவின் எம்ஐடி அவரைச் சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடி கதவு அவருக்குத் திறக்கவில்லை. இந்தியாவில் அவருக்கு இடம் தந்தது நம் சென்னை கணிதவியல் நிறுவனம். இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் யுவன் ஏவ்ஸ். 16 வயதில் வழக்கமான பள்ளியை விட்டு, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த 'பாடசாலை' என்ற கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளைப் பள்ளியில் தங்கினார். சுற்றியுள்ள வயலும் நீர்நிலையும் பூச்சியும் பறவையுமே பாடமாயின. இன்று இயற்கை எழுத்தாளர். அவருடைய 'இன்டர்டைடல்' 2023-ல் வந்தது.

இவை அபூர்வக் கதைகள். அம்மா வேலையை விட்டால் அடுப்பு எரியாத வீடுகள்தான் தாமலைச் சுற்றி அதிகம். 1826-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய கல்விக் குறிப்பில், சென்னை நகரில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் படிப்போரைப்போல் ஐந்து மடங்கு என்ற கணக்கு வருகிறது. அதில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். கணக்கு எப்படியானாலும், அக்காலத்தில் ஆசிரியரை வீட்டுக்கு வரவழைக்க முடிந்தது சாதியும் வசதியும் உள்ளவர்களால்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பொதுப்பள்ளி வந்த பிறகே எழுத்து வந்தது.

காஞ்சிபுரத்துக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்ய, நெசவாளிக்குப் பக்கத்தில் கரைக்கு நாடா எறிய ஒரு துணை ஆள் வேண்டும். பல காலம் அந்தத் துணை ஆள் ஒரு சிறு பிள்ளை. முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த அவலத்தை 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை உலகுக்குச் சொன்னது. அந்தப் பிள்ளைகளை ஆசிரியர்களும் அதிகாரிகளும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். 'வீட்டிலேயே கற்றுக்கொள்கிறான்' என்ற சொல்லை இந்த மாவட்டத்தின் தலைமையாசிரியர் ஒருவர் சந்தேகத்தோடு கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலுக்குக் கைகொடுக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது?

பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பன்னிரண்டு, பதிமூன்று வயதில்தான் 'பெரியவளாகிவிட்டாள், இனி வீட்டோடு இருக்கட்டும்' என்ற பேச்சு எழும். வீட்டுக் கல்வி என்ற மரியாதையான பெயர் அந்தப் பேச்சுக்குக் கிடைத்துவிடக் கூடாது.

தறியைப் பாடமாக்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். புட்டாவை முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடும் சந்திக்கும் ஓர் இடம். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். துளை இருந்தால் பாவு இழை மேலே எழும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். கணினியின் ஒன்றும் பூஜ்யமும் இதே இரண்டு நிலைதான். ஒரு மாங்காய்ப் புட்டாவைக் கட்டத்தாளில் பிள்ளையே வரைந்து, எத்தனை அட்டை பிடிக்கும் என்று எண்ணிச் சொல்லட்டும். பென்சில் பிடிக்கலாம், நாடா பிடிக்க வேண்டாம். செய்த பொருள் விற்பனைக்குப் போகிறது என்றால் அது செயல்திட்டம் அல்ல, கூலியில்லா வேலை. இந்த எல்லையை உறுதியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலையில் பதிவேட்டில் பெயர் இருந்தால் மாணவர். இல்லையென்றால் 'பள்ளி செல்லாக் குழந்தை'. நடுவில் ஓர் இடம் வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளையின் பெயர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலேயே இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் அங்கே வரட்டும். நூலகம், ஆய்வுப் பெட்டி, விளையாட்டு, மதிய உணவு எல்லாம் அதற்கும் உண்டு. மாதம் ஒருமுறை நோட்டை ஆசிரியர் பார்க்கட்டும், பிள்ளையோடு தனியாகப் பேசட்டும். பயன் ஒருவழியானது அல்ல. ஏரித் திட்டம் ஒரு பிள்ளை தனியாகச் செய்வதைவிட ஐந்து பேர் கூடிச் செய்தால்தான் முழுமையாகும். வீட்டுப் பிள்ளைக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு சுவருக்கு வெளியே ஒரு வாரம் கிடைக்கும்.

நடக்காத காரியம் என்று தள்ளிவிட முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான அட்டைகளையும் ஏணிப்படியையும் மாதிரியாகக் கொண்டு, அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பரவியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டையை எடுத்துப் படித்தது, தரையில் ஆசிரியரும் உட்கார்ந்தார். அந்த ஏணி நடுநிலை வகுப்புக்கு முன்பே நின்றுவிட்டது. ஆனைகட்டியில் 2007-ல் பிரேமா ரங்காச்சாரி தொடங்கிய வித்யா வனம் பள்ளியில் பழங்குடிப் பிள்ளைகள் செயல்திட்டம் வழியாகவே படிக்கிறார்கள். வசதி படைத்தவர்களுக்கான பாணி இது என்ற பேச்சுக்கு அந்தப் பள்ளியே பதில். பின்லாந்து 2016 முதல், பல பாடங்களை இணைக்கும் கற்றல் தொகுதி ஒன்றையாவது ஆண்டுதோறும் எல்லாப் பள்ளிகளும் நடத்த வேண்டும் என்று பாடத் திட்டத்திலேயே எழுதிவிட்டது.

ஆசிரியர் தலையில் இன்னொரு சுமையாக இதை ஏற்றினால் முதல் பருவத்திலேயே படுத்துவிடும். பல வகுப்புகளை ஒருவரே சேர்த்துப் பார்க்கும் பள்ளிகள் கிராமங்களில் உண்டு. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவருக்கு இந்தப் பொறுப்பை முறையாக ஒதுக்க வேண்டும். காஞ்சிபுரம் ஒன்றியத்திலும் உத்திரமேரூர் ஒன்றியத்திலும் ஆறாம், ஏழாம் வகுப்புக்கு மட்டும் மூன்று ஆண்டு முயன்று பார்க்க ஓர் அரசாணை போதும். எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு கூடி முடிவு செய்யலாம். அந்தக் குழுவில் தாய்மார்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் பிள்ளை உண்மையில் படிக்கிறது, எந்த வீட்டில் வேலை செய்கிறது என்பது அதிகாரிகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மண் அள்ளிய ஏரிகளில் பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன; மழைக்காலம்தோறும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வருகிறது. பிள்ளை எங்கே நிற்கலாம், எங்கே இறங்கவே கூடாது என்பதை நீர்வளத் துறையும் ஊராட்சியும் கரையில் கல் நட்டுக் குறித்துக்கொடுக்க வேண்டும். அளவு பார்க்கப் போகும் ஒவ்வொரு நாளும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கழியைப் படிக்கட்டு இறங்கும் இடத்தில்தான் நட வேண்டும். செப்டம்பருக்குள் இதை முடித்துவிட்டால், அக்டோபர் மழைக்குப் பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு வரலாம்.