வன்தட்டுக்கு எந்தப் பேரேடு?

புதிய வன்தட்டு ஒன்றை வாங்கிக் கணிப்பொறியில் இணைத்து ஃபார்மட் செய்யப் புகுந்தால், எந்தக் கோப்பு முறை வேண்டும் என்று திரை நம்மைக் கேட்கின்றது. எக்ஸ்ஃபேட் என்றும் என்.டி.எஃப்.எஸ். என்றும் வாயில் நுழையாத பெயர்கள் வந்து நிற்கின்றன. பலரும் கைக்கு எட்டிய ஒன்றை அழுத்திவிட்டு அப்பால் செல்கின்றனர். அது தகாது என்பது நம் கருத்து.

வன்தட்டு ஒரு கிடங்கு. எப்பொருள் எவ்விடத்தில் உள்ளது என்று குறித்துவைக்கும் பேரேடே கோப்பு முறை. தட்டெழுத்தராகவும் கணக்கராகவும் மாட்டுங்காவில் வந்திறங்கிய முன்னோர் பலரின் வழிவந்த நமக்குப் பேரேட்டின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏடு கெட்டால், பொருள் கிடங்கிலேயே இருந்தும் இல்லாததாகிவிடும்.

அப்பொருள்தான் யாது? 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரைபுரண்டது. வெள்ளம் புகுந்த இல்லங்களில் திருமணப் படங்களும், ஊரிலிருந்து வந்த கடிதங்களும் சேறாயின. அதன்பின் எஞ்சிய படங்களை ஒளிவருடி வன்தட்டில் ஏற்றி வைத்தோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இது வெறும் பொறியியல் செய்தியன்று.

முதற்கண் கேட்க வேண்டுவது, இத்தட்டு எங்கெங்குச் செல்லும் என்பதே. தாராவி வீட்டில் விண்டோஸ் கணிப்பொறி. அயல்நாட்டு மகனிடம் ஆப்பிள் மேக். நெல்லையில் தங்கை மகளிடம் அரசு தந்த மடிக்கணினி. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. 1993இல் தோன்றிய என்.டி.எஃப்.எஸ். ஏட்டை மேக் படிக்கும். தானாக அதில் எழுதாது. பழைய ஃபேட்32 ஏட்டை எல்லாக் கருவிகளும் அறியும். ஆனால் 4 கிகாபைட்டை எட்டும் ஒரு கோப்பை அது ஏற்காது. நம் வீட்டுத் திருமண ஒளிப்படம் முகூர்த்தத்திற்கு முன்னரே அவ்வளவைத் தாண்டிவிடும்! ஆகவே பயணம் செய்யும் தட்டுக்கு எக்ஸ்ஃபேட் ஏற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டது. அவ்வாண்டே லினக்ஸ் அதனை ஏற்றது. அதற்கு முந்திய லினக்சில் தனித் துணைநிரல் ஒன்றைச் சேர்த்தாலன்றி அத்தட்டு திறக்காது என்பதை நெல்லை மாணவிக்கு முன்னரே சொல்லிவைக்க.

எக்ஸ்ஃபேட்டுக்கும் ஒரு குறை உண்டு. என்.டி.எஃப்.எஸ். முறையும், லினக்சின் ஈஎக்ஸ்டி4 முறையும் பேரேட்டில் எழுதுமுன் நாள்வழியில் குறித்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் நின்றாலும் நாள்வழியைப் பார்த்து ஏட்டைச் சீர்செய்துவிடும். பாதி எழுதிய படத்தை மீட்டுத் தராது. காப்பது ஏட்டை மட்டுமே. எக்ஸ்ஃபேட்டில் இந்நாள்வழி இல்லை. ஆதலின் வீட்டிலேயே தங்கும் தட்டுக்கு விண்டோஸ் இல்லத்தார் என்.டி.எஃப்.எஸ். முறையையும், லினக்ஸ் இல்லத்தார் ஈஎக்ஸ்டி4 முறையையும் கொள்க. படங்கள் இரண்டு தட்டுகளிலும் இருக்கட்டும்.

தமிழில் பெயரிடுவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடைக்காரர் இதனைச் சொல்லமாட்டார். ‘கொலு’ என்னும் சொல்லின் ‘கொ’வை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியின் குறியீட்டில் அதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை சிறிதும் தோன்றாது. 1998இல் வந்த ஆப்பிளின் எச்.எஃப்.எஸ். பிளஸ் முறை பிரித்தே எழுதிவைக்கும். விண்டோஸ், லினக்ஸ் முறைகளோ பொதுவாக எழுதியதை எழுதியவாறே வைத்து, இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும். பழைய மேக்கிலிருந்து வந்த ‘கொலு’வும் இங்கே தட்டெழுதிய ‘கொலு’வும் ஒரே தட்டில் இரட்டைப் பிள்ளைகளாய் நிற்பது இதனாலேதான். தேடினால் ஒன்று அகப்படும். மற்றொன்று அகப்படாது போகலாம்.

நீளத்திலும் வேறுபாடு உண்டு. ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே தரும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ‘கா’ என்பதற்கே இரண்டு குறிகள் வேண்டும். ஆகவே ஏறத்தாழ ஐம்பது எழுத்தில் இடம் தீர்ந்துவிடும். என்.டி.எஃப்.எஸ். முறையும் எக்ஸ்ஃபேட் முறையும் பைட்டை எண்ணாமல் 255 குறிகளை ஏற்பதால், அங்கே இட்ட நீண்ட பெயர் லினக்சுக்குப் படியெடுக்கையில் தடைப்படும். ‘செம்பூர் அத்தை மகள் திருமண வரவேற்பு...’ என்று கதை எழுதாமல், ஆண்டினை எண்ணில் முன்னிட்டு இரண்டொரு சொல்லோடு நிறுத்துக.

முறையை மாற்றுவதெனில், தட்டில் உள்ள அனைத்தையும் முதலில் வேறிடத்தில் படியெடுத்து, சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். ஃபார்மட் செய்தவுடன் பழைய பேரேடு போய்விடும். இவ்வேலையை மழைக்காலத்தில், மின்சாரம் வந்து வந்து போகும் மாலையில் தொடங்க வேண்டா.