பொட்டலத்துக்குள் ஒரு பொட்டலம்



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வருபவன் நான். ஐப்பசி மழையில் ஒரு மாலை, வழியில் ஒரு சிறிய பேக்கரியில் பன் பாக்கெட் ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், பன்னின் மேல் பச்சைப் பூஞ்சணம்! அதன் அருகிலேயே சிறிய வெள்ளைப் பொட்டலம் ஒன்றும் கிடந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். “இதைப் போட்டா ஒரு வாரம் தாங்கும்னு சொல்லிக் கொடுத்தாங்க சார்” என்றார் அவர் வருத்தத்துடன்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி போன்ற சிறு மணிகள் இருந்தன. அது சிலிக்கா ஜெல். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் வேலை. ஒரு கிராம் சிலிக்கா ஜெல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராம் நீரைத்தான் பிடித்து வைக்கும். 50 கிராம் எடையுள்ள பன்னிலோ சுமார் 16 கிராம் நீர் இருக்கிறது! குளத்து நீரைக் கரண்டியால் இறைப்பது போன்ற முயற்சி அல்லவா இது?

பூஞ்சணத்தைத் தடுக்கும் பொட்டலம் வேறு. அதில் இருப்பது இரும்புத் தூளும் சிறிது உப்பும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதே துருதான் இங்கே காவற்காரன். ஒரு கிராம் இரும்பு முழுவதும் துருவானால் சுமார் 300 கன செ.மீ. ஆக்சிஜனை விழுங்கிவிடும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஆகவே, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கு ஒரு கிராம் இரும்பு போதும். ஆக்சிஜன் இன்றிப் பூஞ்சணம் வளராது. எண்ணெய்ப் பண்டம் சிக்குவாடை அடிக்காது. ஜப்பானின் மித்சுபிஷி கேஸ் கெமிக்கல் நிறுவனம் 1977-ல் இத்தகைய பொட்டலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால், இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சாதாரணப் பாலித்தீன் உறையின் வழியே ஆக்சிஜன் மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். காற்றை எளிதில் விடாத பல அடுக்கு உறையும், வெப்பத்தால் ஒட்டிய வாயும் வேண்டும். ரப்பர் பேண்டு போட்ட உறையில் வைத்தால் இரும்பு சீக்கிரமே துருவாகித் தீர்ந்துவிடும், ஆக்சிஜன் தீராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூஞ்சணம் இல்லாத பன் எல்லாம் புதிய பன் அல்ல. காற்றுப் புகாமல் அடைத்து, ஈரம் வெளியேறாமல் காத்தாலும் ரொட்டி பழசாகிறது என்பதைப் பிரெஞ்சு அறிவியலறிஞர் புசங்கோ 1852-லேயே காட்டினார். மாவுப்பொருளின் மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் ரொட்டி விறைக்கிறது. எந்தப் பொட்டலமும் இதை நிறுத்தாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும் கிருமிகளும் உண்டு. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் அவற்றில் கொடியது. பூஞ்சணம் தன் நிறத்தைக் காட்டி நம்மை எச்சரித்துவிடுகிறது. இதன் நஞ்சோ கண்ணுக்குத் தெரியாமலே இருக்கக்கூடும். ஈரம் மிகுந்த, புளிப்பில்லாத பண்டத்தைத் தக்க சோதனை இன்றி ஆக்சிஜன் நீக்கி, வெளியே நெடுநாள் வைப்பது விளையாட்டல்ல.

ஆகவே என் கருத்து இதுதான். நெடுந்தூரம் போகும் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும், தக்க உறையும் சோதனையும் இருந்தால், பொட்டலம் நல்ல துணை. காலையில் சுட்டு மாலையில் விற்கும் நம் ஊர்ப் பன்னுக்கு அது தேவையில்லை. “விற்காத பன் நட்டமாயிற்றே” என்று கடைக்காரர் கேட்பது நியாயமே. அதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கெடாமல் மீந்ததை அன்றே அறுத்து மீண்டும் சுட்டால் ரஸ்க்! ஈரத்தைப் பண்டத்திலிருந்தே போக்கிவிடுகிறோம் அல்லவா?

நான் வாங்கிய பன் கெட்டதற்குக் காரணமும் எளிதே. சூடு ஆறுமுன் அதை உறையில் இட்டிருந்தார்கள். சூடான பன்னின் நீராவி குளிர்ந்த உறையில் பட்டுத் துளிகளாகிப் பன்னின் மேலேயே வழிந்தது. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? முழுவதும் ஆறவைத்தல், சுத்தமான கை, சுத்தமான உறை, உறையின் மேல் சுட்ட தேதி: இந்த நான்குக்கும் செலவு சொற்பம். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். இப்போது அவர் தட்டில் ஆறவைத்த பிறகே கட்டுகிறார்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் நனைத்து உதறி, ஒரு சோதனைக் குழாயின் அடியில் திணியுங்கள். துருப்பிடிக்காத எஃகு நார் இதற்கு ஆகாது. குழாயை நீருள்ள கிண்ணத்தில் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நாளில் குழாயில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு நீர் ஏறியிருக்கும். இரும்புத் தூள் பொட்டலத்தின் இரகசியம் அவ்வளவுதான்!

அடுத்த முறை பன் வாங்கும்போது, உள்ளே பொட்டலம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். “என்றைக்குச் சுட்டது அண்ணே?” என்று கேளுங்கள்.