திருகை இறுக்கினால் தேய்மானம் தீராது



என் தகப்பனார் விட்டுச்சென்ற பழைய மஹிந்திரா ஜீப்பை முசரவாக்கத்தில் அறியாதவர்கள் சிலரே. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அதில் ஏற்றிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். சில மாதங்களாக அதன் ஸ்டீயரிங்கில் ஆட்டம் கண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு சாண் திருப்பிய பிறகே வண்டி திரும்பும். பழகிப்போன கைக்கு அது குறையாகவே தோன்றவில்லை.

பட்டறைக்குப் போனபோதும், "சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டும் தம்பி, இப்போதைக்கு இறுக்கிக் கொடுங்கள்" என்றே கேட்டேன். அவரோ, "இறுக்கலாம் ஐயா. நேரா போறப்ப ஆட்டம் தெரியாது. ஆனா வளைவுல பிடிச்சிக்கும்" என்றார்.

அந்தச் சொல் என்னை நிறுத்தியது. இத்தகைய பழைய ஜீப்புகளின் அமைப்பு, அமெரிக்க வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்தது. ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் ஒரு புரி இருக்கும். அதன் பள்ளத்தில் ஒரு நெம்புகோலின் முளைகள் பதிந்து நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் புரியின் நடுப்பகுதியே அதிகம் தேய்கிறது. பக்கத்துத் திருகை இறுக்கினால் நடுவில் ஆட்டம் மறையும். ஆனால் தேயாத ஓரங்களில் முளை இறுகிக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அளவாக இறுக்குவது பராமரிப்பு. தேய்ந்துபோனதை இறுக்குவது மறைப்பு.

வேறு சிலர், பிற வண்டியின் தண்டை வெட்டி வெல்டிங் வைத்தால் செலவு குறையும் என்றார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. அந்த ஒட்டு விட்டால் ஓட்டுநரின் கையில் எதுவும் மிஞ்சாது. மேலும், பழைய ஜீப்பின் தண்டு ஒரே நீளமான இரும்பு. முன்னே மோதினால் அது ஓட்டுநரின் மார்பை நோக்கியே வரக்கூடும். அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் கார்களுக்கு இந்த அபாயத்தைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது. நம் ஜீப்புகள் அதற்கு முந்தைய வடிவம். ஆகவே அவற்றுக்கு நம் கவனமே காவல்.

இந்த வகையில் தண்டும் புரியும் ஒரே உறுப்பு. சேர்த்தே மாற்ற வேண்டும். ஹார்ன் பட்டனையும் தண்டின் உள்ளே ஓடும் கம்பியையும் எடுத்து, ஸ்டீயரிங் வளையத்தைப் புல்லரால் கழற்றி, பிட்மேன் ஆர்மை விடுவித்து, பெட்டியைச் சேஸிலிருந்து பிரித்தார்கள். நெம்புகோலும் பேரிங்குகளும் புதிதாயின. முதலில் ஷிம் தகடுகளால் பேரிங்குகளைச் சரிசெய்து, அதன்பின் சக்கரங்களை நேராக வைத்தே பக்கத்துத் திருகை இறுக்கினார்கள். இந்த வரிசை மாறலாகாது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஸ்டீயரிங் வளையத்தில் ஆட்டம் 30 பாகையைத் தாண்டக்கூடாது என்கின்றன. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள இடைவெளி அது. சக்கரங்களை நேராக நிறுத்தி, டயர் அசையும்வரை வளையத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை இந்த வாரமே செய்யவேண்டும் என்பது என் வேண்டுகோள். வண்டி நம்முடையது; சாலையில் எதிரே வருகிறவரின் உயிர் நம்முடையதல்ல.

பெரிய கப்பலையும் சிறிய சுக்கான் திருப்புகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் நாவைக் குறித்து எழுதுகிறார். நம் வீடுகளிலும் இப்படித்தான். புண்படுத்திய சொல்லுக்கு மன்னிப்புக் கேளாமல், பண்டிகைக்கு முந்தைய நாள் உறவை இறுக்கிக்கொள்கிறோம். நேர்வழியில் எல்லாம் நன்றாகவே தோன்றும். நோயோ, கடனோ, பாகப்பிரிவினையோ என்ற வளைவு வரும்போது பிடித்துக்கொள்ளும். தேய்ந்த இடத்தைத் திறந்து பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் அந்தப் பட்டறையில் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஜீப் பட்டறையிலேயே நின்றது. பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துப் போனோம். சற்றுத் தாமதமானது, ஒருவரும் குறைவின்றி வீடு திரும்பினார்கள்.

கர்த்தருடைய கிருபை உங்களோடிருப்பதாக.