தரிசு என்பது மண்ணின் பெயரல்ல: கொறங்காட்டு மண் சொல்லும் கணக்கு

மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக 2026-ஐ ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. மேய்ச்சல் நிலம் என்றதும் நம்மில் பலருக்கும் புறம்போக்கும் மந்தைவெளியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் பட்டா நிலத்தையே தலைமுறை தலைமுறையாகப் புல்லுக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு அந்த ஊர்ப் பெயர் கொறங்காடு.

சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப்புல். இதுதான் கொறங்காட்டின் அமைப்பு. ஒரு காட்டில் புல் தீர்ந்தால் மாட்டையும் ஆட்டையும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில்தான்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு அரசு ஆவணத்தில் என்ன பெயர்? பயிர் ஏறாத பட்டா நிலம் அடங்கலில் பெரும்பாலும் ‘தரிசு’ என்றே பதிவாகிறது. சிக்கல் தொடங்குவது இந்த ஒற்றைச் சொல்லில்தான்.

ஒரு குழி வெட்டிப் பார்த்தால்

மண்ணை வகைப்படுத்துபவர்கள் முதலில் செய்வது குழி வெட்டுவது. மேல் மண்ணை மட்டும் அள்ளிப் பார்த்து எந்த முடிவுக்கும் வர மாட்டார்கள். குழியின் பக்கச்சுவரில் தெரியும் அடுக்குகள்தான் மண்ணின் ஜாதகம்.

கொறங்காட்டுச் செம்மண்ணில் குழி வெட்டினால், மேலே ஒரு சாண் அளவுக்குப் புல்வேர் பின்னிய மணல் கலந்த மண் இருக்கும். அதற்குக் கீழே சிவப்பு கூடும், களியும் கொஞ்சம் கூடும். மழைநீர் மேலிருந்து நுண்ணிய களியைக் கீழே இறக்கியதன் அடையாளம் அது. இன்னும் கீழே சரளை. பல இடங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல். அதன் அடியில் உதிர்ந்து கொண்டிருக்கும் பாறை. சில காடுகளில் இந்த மொத்தக் கதையும் முழங்கால் ஆழத்துக்குள் முடிந்துவிடும்.

சுக்கான்கல் எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் பகுதி இது. பெய்கிற மழை மண்ணில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கப் போதும். அடித்துக்கொண்டு போகப் போதாது. பாதி வழியிலேயே ஈரம் காய்ந்துவிடுவதால், கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து கட்டியாகிறது. மண்ணில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அந்த நுரை, சுண்ணாம்பு இருப்பதற்கான அடையாளம்.

பெயருக்குள் இருக்கும் தகவல்

மண்ணுக்கும் தாவரங்களைப் போலவே அறிவியல் பெயர் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறை 1975-ல் வெளியிட்ட வகைப்பாட்டு முறையைத்தான் இந்தியாவும் பெரிதும் பின்பற்றுகிறது. இன்று அதில் 12 பெரும் பிரிவுகள் உள்ளன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் இதை வைத்து இந்திய மண்களை வகைப்படுத்துகிறது.

கொங்குப் பகுதிச் செம்மண்ணில் ஒரு வகைக்கு ‘ஹாப்லஸ்டால்ஃப்’ என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் வேலை இருக்கிறது.

* ‘ஆல்ஃப்’ என்றால் ஆல்ஃபிசால் பிரிவு. கீழடுக்கில் களி சேர்ந்த, சத்து முழுதும் கரைந்து போகாத மண்.
* ‘அஸ்ட்’ என்பது ஈரத்தின் கணக்கு. வருடத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் மண் காய்ந்து கிடக்கும். ஆனாலும் செடி வளர்கிற பருவத்தில் ஈரம் கிடைக்கும்.
* ‘ஹாப்ல்’ என்றால் வேறு விசேஷ அடுக்கு எதுவும் இல்லாத எளிய அமைப்பு.

அடுக்குகள் இன்னும் சரியாக உருவாகாத இளம் மண் இன்செப்டிசால். அடுக்கே இல்லாத மண் என்டிசால். இதற்கெல்லாம் கீழே, உள்ளூர்ப் பெயரோடு ‘மண் தொடர்’ என்று ஒரு நிலை உண்டு. இருகூர், பல்லடம், பீளமேடு என்று கோவை வட்டாரத்து ஊர்ப் பெயர்களே மண் தொடர்களின் பெயர்களாக இருக்கின்றன. இருகூர் என்றால் செம்மண், பீளமேடு என்றால் கரிசல்.

இந்த வகைப்பாட்டின் எந்தப் படியிலும் ‘தரிசு’ என்று ஒரு மண் கிடையாது. அது வருவாய்த் துறையின் சொல். ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்ற பழைய பிரிவுகளே அதைக் காட்டிக் கொடுக்கின்றன. நிலத்திலிருந்து வரி வருமா, வராதா என்பதுதான் அங்கே கேள்வி. மண் எதற்கு ஏற்றது என்பதல்ல.

ஏன் புல்? ஏன் பயிர் இல்லை?

ஒரு சின்னக் கணக்கு. மண் ஆழம் 30 சென்டிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு சரளை என்று வைத்துக்கொள்வோம். மீதி மண், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீரைப் பத்தில் ஒரு பங்கு பிடித்து வைத்தால் மொத்தம் 20 மில்லிமீட்டர். வெயில் காயும் நாளில் பயிர் 5 மில்லிமீட்டர் குடிக்கும். நாலே நாளில் கையிருப்பு காலி. அதற்குள் அடுத்த மழை வராவிட்டால் பயிர் வாடும், போட்ட முதல் போச்சு.

கொழுக்கட்டைப்புல்லின் கதை வேறு. ஈரம் தீர்ந்தால் இலை காயும், தூர் சாகாது. மறுமழைக்குத் தானாகத் துளிர்க்கும். விதைச் செலவில்லை, உழவில்லை. காய்ந்த புல்லும் மாட்டுக்குத் தீனிதான். ஆக, கொறங்காடு என்பது விவசாயம் பார்க்க முடியாமல் கைவிட்ட நிலம் இல்லை. இந்த மண்ணின் கையிருப்பைச் சரியாக எடை போட்டவர்கள் எடுத்த முடிவு அது.

இதே மண்ணை ஆழமாக உழுதால் அடியில் கிடந்த சுக்கான் மேலே வரும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது, இளந்தளிர் மஞ்சளடிக்கும். புல் போன தரையில் காற்றும் கோடை மழையும் மேல்மண்ணை எடுத்துப் போகும். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மண் போனால் சுமார் 60 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் ஆறு லோடு. சாண் ஆழ மேல்மண்ணில் அது சின்ன இழப்பு இல்லை. இயற்கை அதைத் திருப்பித் தர நூற்றாண்டுகள் ஆகும்.

கார்டில் இல்லாத தகவல்

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைச் சொல்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து என்று பட்டியல் நீளும். பயிருக்கு எவ்வளவு உரம் போடுவது என்று முடிவு செய்ய இது உதவும். ஆனால் மண்ணின் ஆழம் அதில் இல்லை. சரளை எவ்வளவு, நீர் எவ்வளவு நிற்கும், புல் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதும் இல்லை. கொறங்காட்டு மண்ணை அந்த அட்டையில் பார்த்தால் சத்துக் குறைந்த ஏழை மண்ணாகத்தான் தெரியும். கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று அடித்துவிடுவார்கள். ‘புல்லுக்கு நல்ல மண்’ என்று சொல்ல அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

‘சும்மா கிடக்கிற நிலம்தானே’ என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. காற்றாலைக்கும் சூரிய மின் தகடுகளுக்கும் வீட்டுமனைக்கும் முதலில் கண்ணில் படுவது இந்தக் காடுகள். மேய்ச்சலில் வரும்படி குறைந்து, பிள்ளைகளும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட நிலையில், நிலத்தை விற்பவரையோ குத்தகைக்கு விடுபவரையோ குறை சொல்ல முடியாது. மின்சாரமும் தேவைதான். ஆனால், இழப்பது என்ன என்றே தெரியாமல் இழப்பது நியாயமில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். அடங்கலில் கொறங்காட்டைத் தரிசு என்று எழுதாமல், ‘பராமரிக்கப்படும் மேய்ச்சல் நிலம்’ என்று தனியாகப் பதியலாம். பயிருக்குக் கிடைக்கும் வறட்சி நிவாரணத்தைப் புல்லுக்கும் கேட்க அது வழி திறக்கும். மண்வள அட்டையில் ஆழம், சரளை, சுண்ணாம்பு என்று மூன்று வரி சேர்க்கலாம். மண்வெட்டியும் அளவு நாடாவும் ஒரு சொட்டு அமிலமும் போதும். மின் திட்டத்துக்கு நிலம் எடுக்கும்போது, மேல்மண்ணை வழித்து எடுக்கக் கூடாது, தகடுகளுக்கு அடியில் செம்மறி மேய வழி விட வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.

பதிவேட்டில் ஒரு சொல்லை மாற்ற ஒரு அரசாணை போதும். உழுதும் வழித்தும் போன மண்ணுக்கு அப்படி ஒரு ஆணை கிடையாது.