சர்க்கரை பரம்பரை நோயாம்... அதனால்?

திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில். ஆனால் இன்று அந்தப் பக்கத்தில் "சர்க்கரை" என்றால் ஆலையை விட மாத்திரைதான் முதலில் ஞாபகம் வருகிறது. பெரியவர்களில் சுமார் ஏழு பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு உள்ள மாநிலம் தமிழ்நாடு என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு.

சர்க்கரை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு உபதேசங்கள் கிடைக்கின்றன. ஒன்று, "பரம்பரை வியாதி, வரத்தான் செய்யும்". மற்றொன்று, "யோகா செய், சர்க்கரை ஓடிவிடும், மாத்திரையைத் தூக்கிப் போடு". இரண்டுமே தவறு!

முதலாவதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட நீரிழிவு அபாய மதிப்பெண் முறையில் 60-ம் அதற்கு மேலும் எடுத்தால் ஆபத்து அதிகம். முப்பது வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை: 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை: 30. இடுப்புச் சுற்றளவு 95 செ.மீ.: 10. மொத்தம் 60. இதில் பெற்றோர் கொடுத்தது 20 மட்டுமே. மீதி 40 சொந்த சம்பாத்தியம்! தினமும் உடற்பயிற்சி செய்து, இடுப்பும் 90-க்குக் கீழே வந்தால், அதே ஆள் 40-க்கு இறங்கிவிடுவார். பெற்றோரை மாற்ற வேண்டியதில்லை.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம்தான்.

சரி, யோகா? டெல்லி டாக்டர் எஸ்.வி.மது தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தோடு தினமும் 40 நிமிடம் யோகாவும் செய்தவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. தசைகள் வேலை செய்தால் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் செலவாகிறது. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் இது நோய் வராமல் தடுப்பதற்கான கணக்கு. வந்த நோயைக் குணமாக்குவதாகச் சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்வது வைத்தியம் அல்ல, வியாபாரம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, பஸ்ஸில் தூங்கி வழிந்து வீடு சேருபவருக்கு அந்த 40 நிமிடம் எங்கே இருக்கிறது? ஜூன் 21 அன்று பேனர் கட்டிப் படம் எடுத்தால் யாருடைய சர்க்கரையும் குறையாது. நிர்வாகங்கள் வேலை நேரத்திலேயே அந்த நேரத்தை ஒதுக்கட்டும்.

தொழிலாளியும் வருடத்திற்கு ஒரு முறை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யட்டும். அங்கே அது இலவசம். பரம்பரை என்பது எச்சரிக்கை மணிதான், தீர்ப்பு அல்ல!