உல்லாசப் பயணமும் நாம் காணாத மலைநாடும்

விழா மலரென்றால் வாழ்த்துரையும் கல்லூரி வரலாறுமே அதற்குப் பொருந்துவன. உல்லாசப் பயணத்தைப் பற்றிய வாதம் அங்கே எதற்கு என்று அன்பர் சிலர் கருதக்கூடும். ஒரு கல்லூரி தன் மைந்தரை எவ்வூர்க்கு அழைத்துச் செல்கின்றது, எதனைக் காட்டுகின்றது, எதனைக் காட்டாது விடுகின்றது என்பனவும் அதன் வரலாற்றின் ஒரு கூறே என்பது என் எண்ணம். ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

நம் மாணவரும் பழைய மாணவரும் "மலைநாடு பார்க்கப் போகின்றோம்" என்றால் வழி பெரும்பாலும் ஒன்றே. பின்னவலையில் யானைகள் நீராடுதலைக் காண்பர். பேராதனைப் பூங்காவில் அரைமணி நேரம் நடப்பர். கண்டியில் உணவு, நுவரெலியாவிற் குளிர், மறுநாள் எல்ல என்னும் ஊரிலே ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் நின்று படம் பிடித்தல், அன்றிரவே கொழும்பு. வழிநெடுக ஒலிபெருக்கி முழங்கும். திரும்பி வந்த மாணவனை நோக்கி "என்ன கண்டாய்?" என்றால் கைபேசியைத் திறந்து காட்டுவான். அதிலே மலையும் இருக்கும். மலைக்கு முன்னே அவனும் இருப்பான். வேறொருவரும் இரார்.

அவ்வூர்களின்மேல் எனக்குப் பகையில்லை. பின்னவலை யானைகள் காப்பகம் 1975ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே சப்பிரகமுவை வாசியாகிய எனக்கு அது சொந்த ஊர்ப் பெருமையே. ஆயினும், சப்பிரகமுவை மாகாணம் முழுவதிலும் யானைக் குளியலைத் தவிரக் காணத் தக்கது யாதுமில்லை என்று நம்மவர் எண்ணுவது எனக்கு வியப்பளிக்கின்றது. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை வழியாக மலைமேல் ஏறும் பெருந்தெரு ஒன்றுண்டு. மட்டக்களப்பு வரை செல்லும் நெடுஞ்சாலை அது. தாழ்நிலத்து இறப்பர்க் காட்டிலே புறப்பட்டு, ஒரே பகலில் அப்புத்தளையின் குளிர்காற்றை அடையலாம். இலங்கையில் இதனினும் அழகிய வழியை நான் கண்டதில்லை. நான் இவ்வழியிலே வாழ்பவன், ஆதலின் ஒருபக்கம் சாய்ந்து பேசுகின்றேன் என்று கொண்டாலும் குற்றமில்லை.

இரத்தினபுரியிலே தொடங்குவோம். மாணிக்கக் கற்களால் ஊர் பெயர்பெற்றது. வயல்களின் நடுவே ஓலைக் கூரையிட்ட குழிகளைத் தெருவிலிருந்தே காணலாம். குழியினுள் மரச்சட்டம் அடுக்கி, ஊறும் நீரை இறைத்து, கல் பொதிந்த படையாகிய "இல்லம்" என்பதனை வாரி மேலேற்றுவர். பின்பு கூடையிலிட்டு நீரிலே சுழற்றி அரிப்பர். நாளெல்லாம் அரித்தும் ஒன்றும் கிடையாத நாள்களே மிகுதி. ஓர் ஆசிரியர் இக்குழியின் ஓரத்திலே நின்று அரைமணி நேரம் புவியியல் கற்பித்தாராயின் அப்பாடம் வாழ்நாளில் மறவாது.

வானம் தெளிந்திருப்பின் இங்கிருந்தே சிவனொளிபாத மலையைக் காணலாம். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறுவது குறுகிய வழி. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாக ஏறுவது நெடிய வழி. 1344ஆம் ஆண்டிலே இபுனு பதூதா என்னும் மொரொக்கோ நாட்டுப் பயணி இம்மலையை நாடி வந்தார். அவருக்கு உதவியவர் ஆரியச் சக்கரவர்த்தியாகிய தமிழ் மன்னர். பல்லக்கும், வழி தெரிந்த யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், உணவுப் பொருள் சுமப்போரும் உடன் அனுப்பப்பட்டனரென்று அப்பயணியே எழுதிவைத்துள்ளார். முஸ்லிம் பயணி ஒருவரைச் சைவ மன்னர் ஒருவர், பௌத்தரும் வணங்கும் மலைக்கு வழியனுப்பிய செய்தி இது. வரலாற்று நூலில் இது ஒரு வரி. மலையடியில் நின்று கேட்பவனுக்கோ அது வேறு.

பெல்மதுளையில் வலப்புறம் திரும்பினால் என் ஊராகிய கஹவத்தை. இங்கே புகழ்பெற்ற நீர்வீழ்ச்சி இல்லை, விடுதிகளும் இல்லை. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் உள. விடியற்காலையில் மூடுபனியூடே பால்வெட்டுவோர் மரத்துக்கு மரம் செல்வதும், பிரட்டுக் களத்திலிருந்து கொழுந்து பறிப்போர் வரிசையாய் மலையேறுவதும் காண்பதற்கு அழகியனவே. அவை அழகியன என்று சொல்லும்போதே எனக்கு ஒரு தயக்கம் உண்டாகின்றது. அத்தயக்கத்தின் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன். ஒருகாலத்தில் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் இப்பகுதிக்கு வந்தது. 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்காவையும் எட்டிய அவ்விருப்புப் பாதையில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் மூடப்பட்டது. அது இன்றும் இருந்திருக்குமாயின், எல்லயில் நெரியும் கூட்டத்திற் பாதி இங்கே வந்திருக்கும் என்பது என் துணிபு. வராதது நன்றோ தீதோ அறியேன்.

பலாங்கொடையின் பெயர் உலகத்துத் தொல்லியல் நூல்களில் இடம்பெறுவது. "பலாங்கொடை மனிதன்" என வழங்கும் ஆதிமாந்தர் முப்பதாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்மாகாணத்துக் குகைகளில் வாழ்ந்தனர்; குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையிலே அவர்தம் எலும்பும் சிறு கற்கருவிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. நம் மாணவர் இதனைத் தேர்வுக்கு மனனம் செய்கின்றனர். குகை இருக்குமிடம் கேட்டால் விழிக்கின்றனர்.

பெலிஹுல்ஓயாவை அடைந்ததும் வண்டியை நிறுத்துக. ஆற்றில் நீர் தண்ணென்று ஓடும். 1990களில் நிறுவப்பட்ட சப்பிரகமுவைப் பல்கலைக்கழகம் இங்கேயுள்ளது. உயர்தர வகுப்பு மாணவர் அதனைக் காண்பது அருவியைக் காண்பதினும் பயன் தரும். தலை நிமிர்த்தி வடக்கே நோக்கினால் செங்குத்தான மலைச்சுவர் ஒன்று வானை முட்டி நிற்கும். ஹோட்டன் சமவெளியின் விளிம்பாகிய "உலக முடிவு" அதுவே. உலகெங்குமிருந்து வருவோர் விடியுமுன் எழுந்து, கட்டணம் செலுத்தி, அவ்விளிம்பில் நின்று கீழே நோக்கி வியக்கின்றனர். அவர்கள் நோக்கும் பள்ளத்திலே தெரியும் பசுமையின் ஒரு பகுதி நன்பேரியல் தோட்டம். அங்கே நம்மவர் வாழ்கின்றனர். மேலே நிற்பவர்க்கு உலகம் முடியுமிடம், கீழே வாழ்பவர்க்குக் காலையிற் பிரட்டு தொடங்குமிடம்.

நான் முன்னர்க் கூறிய தயக்கத்தின் காரணம் இதுதான். மலைநகரங்களின் அழகென்று நாம் போற்றுவதிற் பெரும்பங்கு இயற்கை தந்ததன்று. காடழித்து, கோப்பி நட்டு, கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை நட்டு, கல்லடுக்கி, கானும் வெட்டி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைகள் செய்த வேலை அது. அக்கைகள் நம் மாணவர் பலரின் பாட்டிமாருடையவை. ஆங்கில ஓவியப் படத்தைப்போல் ஒழுங்காய்ச் சீவப்பட்ட அப்பசுமையைப் பார்த்து, "ஆகா, என்ன அழகு!" என்று கூறிவிட்டு, அதன் நடுவே தெரியும் லயக் கூரைகளைப் படத்தில் விழாதபடி ஒதுக்குவது கண்ணின் குற்றமன்று, பழக்கத்தின் குற்றம். ஒரு பாடசாலையிலிருந்து வந்த மாணவர் சிலர் எங்களூர் மலையிலே கொழுந்துக் கூடையை வாங்கித் தம் தலையில் மாட்டிப் படம் பிடித்ததை நான் கண்டதுண்டு. கூடைக்குரிய அம்மையார் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். அவர் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு அன்றைய நிறை குறைந்திருக்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நீலகிரியைப் பாருங்கள். உதகமண்டலமும் குன்னூரும் கோத்தகிரியும் தமிழகத்தார் கோடையில் நாடும் ஊர்கள். 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல அம்மலைகளிலேயே குடியேறின. அவர்களுக்கென்றே தமிழக அரசு 1968இல் அங்கே தேயிலைத் திட்டம் தொடங்கியது. கஹவத்தையிலிருந்து கப்பலேறியவரின் பேரன் இன்று கூடலூரிலே கொழுந்து நிறுக்கின்றான். இரு நாட்டிலும் அழகிய ஊர்களில் வாழும் பேறு நம்மவர்க்கு வாய்த்திருக்கின்றது என்று கசப்போடு சொல்லலாம்.

பெலிஹுல்ஓயாவுக்கு அப்பால் களுபஹனையிலிருந்து ஒரு கிளைவழி பம்பரகந்தை நீர்வீழ்ச்சிக்குச் செல்லும். 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அதுவே இலங்கையில் மிக உயர்ந்தது. இதனை விட்டுவிட்டுத் தெருவோரத்து எளிய அருவிகளை நாடி நெரிவது ஏனோ!

பெரகலைச் சந்தியில் தெரு இரண்டாய்ப் பிரியும். இடப்புறம் ஏறினால் அப்புத்தளை. வலப்புறம் சென்றால் கொஸ்லாந்தை. உல்லாச வண்டிகள் மிகப் பல இடப்புறமே திரும்பும். நம் வண்டி முதலில் வலப்புறம் திரும்பவேண்டுமென்பது என் வேண்டுகோள். 2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே, அக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை பல ஆண்டுகட்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மாற்றிடமும் வீடும் இன்றி எச்சரிக்கை மட்டும் பெற்றவர் எங்கே செல்வர்? நம் மாணவர் அங்கே சற்று நேரம் மௌனமாய் நிற்கட்டும். படம் வேண்டா. பின்னர் இன்னும் சிறிது தூரம் சென்று தியலும நீர்வீழ்ச்சியைக் கண்டு திரும்பலாம். இவ்விரண்டையும் ஒரே பகலிற் காண்பது பொருந்துமோ என்று நண்பரொருவர் வினவினார். அங்கே வாழ்வோர் ஒவ்வொரு நாளும் இரண்டையும் கண்டுகொண்டே வாழ்கின்றனர் என்றேன்.

அப்புத்தளை பற்றி மிகக் கூறவேண்டியதில்லை. மலைமுகட்டின் இருபுறமும் பள்ளம் விழ, நடுவே கடைத்தெரு அமைந்த ஊர் அது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்கிய பகுதி. தம்பேதன்னைக்கு மேலே அவர் அமர்ந்து நோக்கிய இடத்தை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கின்றனர். விடியலில் அங்கே நின்றால் தென்புறத்துச் சமவெளி முழுதும் காலடியில் விரியும். இங்கிருந்து பண்டாரவளை வழியாக எல்லவுக்குச் செல்ல விரும்புவோர் செல்க. ஒன்றுமட்டும் சொல்வேன்: ஒன்பது வளைவுப் பாலம் புகையிரதம் ஓடுதற்கு அமைத்தது, அதன் தண்டவாளத்தின்மேல் மாணவரை நிறுத்தும் ஆசிரியர் ஆசிரியரல்லர்.

இனி, பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். 1977இலும் 1983இலும் இப்பகுதித் தமிழர் பட்ட துயரத்தின்பின், பிள்ளைகளைத் தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் அனுப்பவே பெற்றோர் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. அவ்வச்சம் குறைந்துவிட்டது. அதன் இடத்தைப் பணமின்மை பிடித்துக்கொண்டது. என் வகுப்பிலே "ஒரு மலைக்காட்சி" என்று கட்டுரை எழுதச் சொன்னால், சிறுவர் பாடநூலில் உள்ள மலையையே எழுதுகின்றனர். சாளரத்துக்கு வெளியே உள்ளதை எழுதுவதில்லை. அவர்களிற் பலர் அப்புத்தளையைக் கண்டதில்லை. பேருந்தில் அரைநாட் பயணமே. இந்நிலையில், உல்லாசப் பயணத்துக்குச் சங்கம் அமர்த்தும் வண்டிகளோடு இன்னுமொரு வண்டியைச் சேர்த்து, கஹவத்தைச் சுற்றுப்புறத் தோட்டப் பாடசாலை மாணவர் நாற்பதின்மரை உடன் அழைத்துச் செல்லுதல் இயலாத காரியமா? இதனைத் தருமமாகச் செய்ய வேண்டா. கொழுந்தின் பதமும், லயத்தின் அமைப்பும், பால்வெட்டுக் கத்தியின் சாய்வும் நம் கல்லூரி மாணவர்க்கு அவர்கள் சொல்லித்தருவர். கடலையும் துறைமுகத்தையும் பற்றி இவர்கள் அவர்களுக்குச் சொல்வர். ஒரே ஆசனத்தில் மாற்றி மாற்றி அமர்த்துவது பொறுப்பாசிரியரின் கடமை.

காலம் தை, மாசி மாதங்களாக இருத்தல் நன்று. வைகாசி மழையில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்குவது வழக்கம். 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் வைகாசி வெள்ளத்தை இவ்வூரார் மறவார். கார்த்திகை மழையிலும் மலைப்பாதை நம்பத் தக்கதன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்த விதம் யாவரும் அறிந்ததே. புறப்படுமுன் பாதை திறந்துள்ளதோ, மண்சரிவு எச்சரிக்கை உண்டோ என்று உசாவுக. கொழும்பிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி புறப்படுமாயின், பெல்மதுளைச் சந்தியிலே எங்கள் பிள்ளைகள் காலையுணவுப் பொதியோடு ஆயத்தமாக நிற்பர். ஒலிபெருக்கியை மட்டும் வீட்டிலேயே விட்டு வருக.