ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பை வீட்டில் வளர்ப்போர் பலர் உளர். தென்கிழக்கு அமெரிக்காவின் சோளப் பாம்பு, மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் 'பால் பைத்தான்' என்னும் சிறு மலைப்பாம்பு ஆகிய நஞ்சற்ற இனங்களையே பெரும்பாலும் விரும்புகின்றனர். ஒன்றை வாங்கியவர் உள்ளத்தில் விரைவிலேயே ஓர் இரக்கம் எழுகிறது: 'பாவம், தனியாகக் கிடக்கிறதே!' துணைக்கென்று இன்னொன்றை வாங்கி அதே கண்ணாடிப் பெட்டியில் விடுகிறார். இந்த இரக்கம் மனிதனுக்கு ஆறுதல் தரலாம். பாம்புக்கு அது தீங்கு என்பதே நம் கருத்து.

இரண்டும் பின்னிக் கிடக்கும் காட்சியைக் கண்டு நட்பென்று மகிழ்கிறோம். உண்மை வேறு. தன் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறும் உயிர் பாம்பு. பெட்டியின் ஒரு முனையில் ஏறத்தாழ 32 பாகை வெப்பமும் மறுமுனையில் குளிர்ச்சியும் வைக்கிறோம். வெதுவெதுப்பான மறைவிடம் ஒன்றே என்றால் இரண்டும் அதையே நாடும். நாம் தழுவல் என்று காண்பது பல வேளைகளில் இடத்துக்கான போட்டி. நாய்போல் உறுமவோ பூனைபோல் சீறிப் பாய்ந்து விரட்டவோ அவை முற்படுவதில்லை. வலுக்குறைந்தது ஓசையின்றி ஒதுங்குகிறது, இரை மறுக்கிறது, உண்டதைக் கக்குகிறது. கக்கியது எது, கழிவில் குறை காட்டுவது எது என்று வளர்ப்பவரால் பிரித்தறியவும் இயலாது.

இரை வேளை இன்னும் இடர் மிக்கது. ஓர் எலியை இரு வாய்கள் பற்றினால், பின்னோக்கி வளைந்த பற்கள் எளிதில் விடுவதில்லை. எலியோடு சேர்த்து மற்றப் பாம்பையும் விழுங்க முற்படுவது உண்டு. 'கிங் ஸ்னேக்' இனத்துக்கோ பிற பாம்புகள் இயல்பான உணவு. அதன் பெயர்க் காரணமே அதுதான். நோயும் பகிரப்படுகிறது. உண்ணிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. மலைப்பாம்புகளின் மூச்சுக்குழலையும் நுரையீரலையும் தாக்கும் நிடோவைரசு 2014இல் இனங்காணப்பட்டது. வெளிக்குறி ஏதுமின்றியே அதைச் சுமக்கும் பாம்புகள் உண்டு.

பாம்புகள் கூடி வாழ்வதே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கனடாவின் மானிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்னுமிடத்துச் சுண்ணாம்புக்கல் வளைகளில் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் ஒன்றாய்க் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவ்வினத்தின் இளம் பாம்புகள் சிலவற்றோடு மட்டும் சேர்ந்திருக்க விழைவதை 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் அங்கே தெரிவு பாம்பினுடையது. பருவம் மாறினால் பிரிந்து போகப் பரந்த வெளியும் உண்டு. நான்கடிப் பெட்டிக்குள் தெரிவு நம்முடையது. பிரிந்து போக வழியில்லை. ஓர் இனத்தின் இயல்பை எல்லா இனங்களுக்கும் பொதுவாக்குவதும் பிழை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் பேண வேண்டிய தேவைகளுள் ஒன்றாக, பிற விலங்குகளோடு சேர்த்தோ பிரித்தோ வைக்கப்படும் தேவையையும் குறிக்கிறது. 'பிரித்தோ' என்னும் அச்சொல்லை நாம் பெரிதும் மதிக்கிறோம். தனித்திருத்தலும் ஓர் உயிரின் தேவையாகலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது.

மனம் ஒவ்வாதவரோடு வாழ்வதை, குடிலுக்குள் பாம்போடு வாழ்வதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுவமையில் அஞ்சுபவன் மனிதன். பாம்பின் பக்கமிருந்தும் அதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்: தான் தெரிவு செய்யாத துணையோடு சிறு குடிலில் அடைபட்டிருப்பது அதற்கும் துன்பமே. இரண்டாவது பாம்பை விரும்புவோர் முதலில் இரண்டாவது பெட்டியை வாங்கட்டும். அதற்கு வீட்டில் இடமில்லையெனில், ஒன்றோடு நிறைவு கொள்வதே அன்பு.